மூன்றாவது கோடு

மூணாவது மேடம் என்று முதல் பெஞ்சின் ஓரத்தில் இருப்பவள் சொல்லிவிட்டாள். கூசாமல் சொன்னாள், நேற்று எப்படிச் சொல்லச் சொன்னேனோ அப்படியே, பலகையைக் கொஞ்சம் பார்த்து, கொஞ்சம் யோசித்து, சந்தேகமே இல்லாதவள் மாதிரி. எனக்குத்தான் கை வியர்க்கிறது, சாக்பீஸ் மாவு விரலில் பிசுபிசுக்கிறது, சேலையில் துடைத்தால் சாயங்காலம் வரை அந்த வெள்ளைத் தடத்தோடு அலையவேண்டும், அலைந்தால் என்ன, யார் பார்க்கப்போகிறார்கள். பச்சைப் பலகையில் இடப்பக்கம் ஒரு கோடு, வலப்பக்கம் மூன்று கோடுகள், இடப்பக்கக் கோட்டின் நீளத்துக்குச் சமம் எது என்று கேள்வி. இரண்டாவது. பால்வாடிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். மூன்றாவது கோடு ஒரு சாண் கூடுதல், நானே அளந்து போட்டது, யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று. ஆனால் இந்த வகுப்பில் எல்லாரும் மூன்றாவது என்றுதான் சொல்வார்கள், ஒருத்தியைத் தவிர எல்லாரும் நேற்று என்னோடு சேர்ந்து திட்டம் போட்டவர்கள், அந்த ஒருத்தி நேற்று வரவில்லை. ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா என்று லீவு. மாரிச்செல்வி. கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் தனியாக இருக்கிறாள். பெஞ்சு பெஞ்சாகப் பதில் வந்து கடைசியில் அவளிடம் போய் நிற்கும், அப்போது அவள் தன் கண்ணை நம்புவாளா, கூட்டத்தை நம்புவாளா என்பதுதான் சோதனை. வெளிநாட்டில் யாரோ எப்போதோ செய்து பார்த்துப் புத்தகத்தில் ஏறியது. புத்தகத்தில் படித்தால் தூக்கம் வரும், கண்ணால் பார்த்தால் செத்தாலும் மறக்காது, பாருங்களேன், அவளும் மூன்றாவது என்றுதான் சொல்வாள் என்று நேற்று நான் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

நேற்று எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. வரலாறு படிக்க வந்த பிள்ளைகள், பாடத்திட்டத்தில் இருக்கிறதே என்று சமூக உளவியல் அறிமுகத்தையும் படிக்கிறார்கள், மூணாவது மேடம் என்று அடுத்தவளும் சொல்லியாயிற்று, நல்லது, வரையறை சொல்லுங்க மேடம், நோட்ஸ் குடுங்க மேடம் என்பதற்கு மேல் இந்த இரண்டு மாதத்தில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. முதல் நாள் பலகையின் மூலையில் எழுதிப்போட்டேன், அது உனக்கு எப்படித் தெரியும் என்று. யார் எதைச் சொன்னாலும், நான் சொன்னாலும், நீங்களே உங்களுக்குள் சொல்லிக்கொண்டாலும், இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள், சிந்தனை அங்கேதான் தொடங்குகிறது என்றேன். அதையும் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டார்கள், பரீட்சைக்கு வருமா மேடம் என்றாள் ஒருத்தி. அப்படிப்பட்ட பிள்ளைகள் நேற்று இந்தச் சோதனையைச் சொன்னதும் எழுந்து வந்து என் மேசையைச் சுற்றி நின்றார்கள். யாரோ ஒருத்தியின் பின்னல் என் தோளில் உரசியது, மல்லிகையும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசம், யாரோ என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிக் கோடு போட்டுப் பார்த்தாள். சொன்னால் சிரிப்பார்கள். நான் யாரோடும் சேர்ந்து ரகசியம் வைத்துக்கொண்டு எத்தனை காலமாயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் மாடிப்படி ஏறி என் அறைக் கதவைச் சாத்தினால் திங்கட்கிழமை காலை வருகைப்பதிவு எடுக்கும்போதுதான் என் குரல் எனக்கே கேட்கிறது, முதல் பெயர் எப்போதும் கரகரவென்று வரும், பிள்ளைகள் மேடத்துக்குச் சளி என்று நினைத்துக்கொள்வார்கள். நேற்று அம்மாவுக்கு மன்னார்குடிக்குப் போன் போட்டு, இன்னிக்கு வகுப்பு ரொம்ப நல்லா இருந்துச்சும்மா என்றேன். சாப்பிட்டியாடி என்றாள் அம்மா.

மூணாவது. மூணாவது மேடம். இரண்டாவது பெஞ்சு முடிகிறது. இன்றைக்கு வகுப்பில் வளையல் சத்தம் அதிகமாக இருக்கிறது, ஆடிக் காற்று வேறு ஜன்னல் கதவை அடித்துக்கொண்டிருக்கிறது, இந்தக் கோவில்பட்டிக் காற்றுக்கு வந்த புதிதில் எனக்குத் தூக்கமே வராது. பாதிப் பிள்ளைகளுக்குக் கண் சிவந்து கிடக்கிறது, ராத்திரி முழுக்கப் போனைப் பார்த்திருப்பார்கள். மாரிச்செல்வி மட்டும் தெளிவாக இருக்கிறாள், தலைக்குக் குளித்து, நெற்றியில் குங்குமம் வைத்து, பலகையையே பார்த்தபடி. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு மூணாவதுக்கும் அவள் உதடு லேசாக அசைகிறது. பாவம், குழம்புகிறாள். ஏன் அவளை வைத்து இதைச் செய்கிறேன், லீவு போட்டவள் என்பதாலா, அதற்காக மட்டுமா. வேறொருத்தி லீவு போட்டிருந்தாலும் இதைச் செய்திருப்பேனா. முதல் வாரத்திலேயே அவளைக் கவனித்துவிட்டேன், என் கண் அப்படிப்பட்டவர்களைத்தான் முதலில் தேடிப் பிடிக்கும். கடைசி பெஞ்சில் தனியாக உட்காருவாள். அவள் பெஞ்சில் மற்றவர்கள் பைகளைக் கொண்டுவந்து குவித்துவைத்துவிடுவார்கள், அங்கே ஒரு ஆள் இருக்கிறாளே என்றுகூட மதிக்காமல். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒற்றையாகப் போய் நிற்பாள். நடுவில் கொஞ்ச நாள் வராமலே இருந்தாள், நான்தான் நம்பர் வாங்கிப் போன் செய்தேன், வந்துரும்மா, எதுவா இருந்தாலும் பாத்துக்கலாம், நான் இருக்கேன் என்றேன். சரி மேடம் என்றாள். மறுநாளே வந்துவிட்டாள். நான் இருக்கேன் என்றவள்தான் இன்றைக்கு அவளைத் தவிர எல்லாரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு நிற்கிறேன்.

இது நேற்று ஏன் உறைக்கவில்லை. நேற்று மேசையைச் சுற்றி நின்ற கூட்டத்தில் உறைக்காது, கூட்டத்தில் நிற்பது அவ்வளவு இதமாக இருந்தது. மூணாவது மேடம் என்கிறாள் மூன்றாவது பெஞ்சுக்காரி, ஒன்றன்பின் ஒன்றாக, இதே மாதிரிதான் அன்றைக்கும் மேடங்கள் வரிசையாக வந்தார்கள். போன வருசக் கல்லூரி விழா அன்று காலை நான்தான் முதலில் போய் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருந்தேன், கடுகு மஞ்சளில் புதுச்சேலை. முதலில் வந்த மேடம் மயில்கழுத்துப் பச்சை. நன்றாயிருக்கிறதே என்று நினைத்தேன். அடுத்து வந்தவரும் மயில்கழுத்துப் பச்சை. ஒரே கடையில் எடுத்திருப்பார்கள் போல என்று நினைத்தேன். மூன்றாவது ஆள் வந்தபோது எனக்குக் காது சுட ஆரம்பித்தது. நான்காவதாக வந்த ஹெப்சிபா மேடம், என் பக்கத்து மேசைக்காரர், கெட்ட எண்ணமே இல்லாதவர், வாசலிலேயே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "அடடே, உங்ககிட்ட யாருமே சொல்லலையா?" அதற்கு என்ன பதில் சொல்வது. சொன்னார்கள் நான்தான் மறந்துவிட்டேன் என்றேன். அதைவிட மட்டமான பொய் கிடையாது, ஏனென்றால் சொல்லவேண்டிய எல்லாரும் அங்கேயே இருந்தார்கள், யாரும் சொல்லவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். குரூப் போட்டோவில் என்னை ஓரத்தில் நிறுத்தினார்கள், நிறம் இடிக்கிறது என்று போட்டோக்காரரே சொன்னார். வேண்டுமென்று செய்யவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது, வேண்டுமென்று செய்யக்கூட நான் யார் நினைப்பிலும் இல்லை. கௌரவ விரிவுரையாளர். பெயரிலேயே கௌரவம் இருப்பதால் தனியாக வேறு தரவேண்டியதில்லை என்று நினைத்துவிட்டார்கள் போல. அதுவும் ஏப்ரலோடு சரி. அடுத்த ஜூனுக்கு நிரந்தர ஆள் வருகிறார், ஆர்டர் வந்துவிட்டது என்று பிரின்சிபாலே கூப்பிட்டுச் சொன்னார், நல்ல மனுஷர், உட்காரச் சொல்லித்தான் சொன்னார்.

நிறுத்திவிடலாம். இப்போதே சாக்பீஸைக் கீழே வைத்து, சரி போதும், இது ஒரு விளையாட்டு என்று சொல்லிவிடலாம். சொன்னால் மட்டும் என்ன, எல்லாருக்கும் தெரிந்த விளையாட்டு, எனக்கு மட்டும் தெரியாத விளையாட்டு என்றுதானே அவளுக்குப் படும். பாடத்தில் இருக்கிறது, சோதனை முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அதுதான் நெறி, மனசு புண்படாதபடி விளக்கவேண்டும் என்று. மனசு புண்படாதபடி எப்படி என்று அதே பக்கத்தில் எழுதியிருந்தால் நன்றாயிருக்கும். அவள் எழுந்து, எனக்கு மட்டும் ஏன் மேடம் சொல்லல என்று கேட்டால். கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டால். நாளைக்கு வராமல் இருந்துவிட்டால், போன் செய்தால் எடுக்காமல் இருந்துவிட்டால், பதினெட்டு வயதில் ஒரு பெண் படிப்பை நிறுத்துவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை, ஒரு வகுப்பு முழுக்க ஒரு தடவை சேர்ந்து சிரித்தால் போதும். மூணாவது என்கிறாள் ஜெனிபா, மாரிச்செல்விக்கு நேர்முன்னால் இருப்பவள், இந்த வகுப்பின் வாயாடி, சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். சிரிப்பை அடக்குகிறாள். இனி அவள்தான். ரெண்டாவதுன்னு சொல்லும்மா, என்று நினைத்தேன், எனக்கே ஆச்சரியமாக இருந்தது, நான் போட்ட சோதனை தோற்கட்டும் என்று நானே வேண்டிக்கொண்டேன், நீ ஒருத்தியாவது உன் கண்ணை நம்பு, நான் உன்னை மெச்சிப் பேசி அப்படியே இதை மூடிவிடுகிறேன். மாரிச்செல்வி, நீ சொல்லும்மா என்றேன். குரல் திங்கட்கிழமைக் குரலாக வந்தது.

அவள் எழுந்து நின்றாள். மற்றவர்கள் யாரும் எழவில்லை, அவள் மட்டும் எழுந்தாள். பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மூணாவது மேடம்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், ஜெனிபாவைப் பார்த்துச் சிரித்தாள், ஜெனிபாவும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். மாரிச்செல்விக்கு அது சிநேகச் சிரிப்பு, ஜெனிபாவுக்கு அது கேலி, நடுவில் நான் ஒருத்திக்குத்தான் இரண்டும் தெரியும். இந்த வகுப்பு முழுக்கவும் அவளும் சேர்ந்து ஒரே பதில் சொன்னது இதுதான் முதல் தடவையாக இருக்கும், அதற்காகவே சொல்லியிருப்பாள், கோடு எது என்று தெரியாமலா சொன்னாள், எல்லாரோடும் இருப்பதற்காகச் சொன்னாள். அதையும் இப்போது நான் பிடுங்கவேண்டும். காற்று கதவை ஒருமுறை அடித்து ஓய்ந்தது. எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள், சொல்லுங்க மேடம், எப்ப சொல்வீங்க என்கிற மாதிரி. அந்தச் சின்ன இடைவெளியில் பொய் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது, ஆமாம், மூன்றாவதுதான் சரி, உட்காரும்மா என்று சொல்லி, அழித்துவிட்டு வரையறை எழுதிப்போட்டுவிடலாமா. கையில் டஸ்டரைக்கூட எடுத்துவிட்டேன். எடுத்த கையைப் பார்த்தேன். பலகையின் மூலையில் அது உனக்கு எப்படித் தெரியும் என்று என் கையெழுத்தே இருந்தது, அதைப் பார்த்தபிறகு அழிக்க முடியவில்லை.

சொன்னேன். எப்படியோ சொன்னேன், மாரிச்செல்வி, கோவிச்சுக்காதம்மா, இவங்க எல்லாரும் நான் சொல்லித்தான் அப்படிச் சொன்னாங்க, ரெண்டாவதுதான் சரி, நீ நேத்து வரல, அதனால உனக்குத் தெரியாது, உன்னைக் கேலி பண்ண இல்லை, மனுஷ மனசு எப்படி வேலை செய்யுதுன்னு காட்டத்தான், தப்பு என்னோடது. ரொம்பப் பேசினேன், ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன், கண்ணில் தண்ணீர் வந்துவிடுமோ என்று பயந்து பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன், ஒருத்தியும் சிரிக்கவில்லை, அது என்னை இன்னும் பயமுறுத்தியது. திரும்பிப் பார்த்தேன். அவள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள், முகத்தில் அழுகை இல்லை, கோபமும் இல்லை, என்னைப் பார்க்கிற பார்வையில் ஒரு சங்கடம். பெரியவர்கள் கீழே தடுக்கி விழுந்தால் பிள்ளைகள் பார்ப்பார்களே, அந்தச் சங்கடம்.

"எனக்குத் தெரியும் மேடம்" என்றாள்.

ஜெனிபாதான் அதை வாங்கிக்கொண்டாள், வாயாடி ஆயிற்றே. "கொடைக்கு எங்க எல்லாரையும் கூப்பிட்டிருந்தா மேடம். நேத்து காலேஜ் விட்டதும் நேரா அவ ஊருக்குத்தான் போனோம். அங்க வச்சே சொல்லிட்டோம். அவ வீட்டுல சாப்பிட்டுட்டு அவகிட்டயே மறைக்க எப்படி மனசு வரும்?" எல்லாருமா என்று கேட்டேன். எல்லாரும்தான் மேடம், ஒருத்தி பாக்கியில்லை, மாரி வீட்டுல அவ்வளவு பேருக்கும் பொங்கச்சோறு, கடைசி பஸ்ஸைப் பிடிச்சு வந்தோம் என்றாள். அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு கையிலும் ஒரே மாதிரி கண்ணாடி வளையல், சிவப்பும் பச்சையுமாக, கொடைக் கடையில் ஒன்றாக நின்று வாங்கிப் போட்டுக்கொண்டது. முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சு வரை. மாரிச்செல்வி கையிலும். இவ்வளவு நேரமும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, சிவந்த கண்களையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், பார்த்ததெல்லாம் நான் ஏற்கனவே முடிவு செய்துவைத்த ஒருத்திக்கு ஏற்றபடி மட்டுமே தெரிந்தது. அந்தப் பைகள், அவளை மதிக்காமல் குவித்தவை இல்லை, அவளை நம்பி விட்டுவைத்தவை. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஏன் போவாய் என்று ஒருநாள், ஒரே ஒருநாள் கேட்டிருக்கலாம். இப்போது கேட்டால் அங்கேதான் டவர் கிடைக்கும் மேடம் என்பாளோ என்னவோ. உனக்கு எப்படித் தெரியும் என்று ஊருக்கெல்லாம் சொன்ன நான் என்னைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. தனியாக இருந்தது யார் என்று அவளைப் பார்த்து நான் எழுதிக்கொண்ட விடை முழுக்க என்னுடையது.

அப்ப எதுக்கும்மா மூணாவதுன்னு சொன்ன என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க ரொம்ப ஆசையா செய்யுதீங்கன்னு இவளுவ சொன்னாளுவ மேடம். நான் ரெண்டாவதுன்னு சொல்லி அது கெட்டுப்போச்சுன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்லா." பிறகு திடீரென்று நிமிர்ந்து வகுப்பைச் சுற்றிப் பார்த்தாள், நிஜமாகவே கோபம் வந்தது அவளுக்கு, இத்தனை நேரத்தில் முதல் தடவையாக. "ஏட்டி, எனக்குத் தெரியும்னு மேடத்துக்கிட்ட யாருமே சொல்லலையா?"

காலையிலயே நீ சொல்லுவன்னு நெனச்சேன் என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் முணுமுணுத்தாள். எனக்கு அந்த வாசல் ஞாபகம் வந்தது, மயில்கழுத்துப் பச்சையில் ஹெப்சிபா மேடம், அதே வார்த்தைகள். ஆனால் அன்றைக்குக் காது சுட்டது போல இன்று சுடவில்லை, வேறு எங்கேயோ வலித்தது, வலியோடு கொஞ்சம் ஆறுதலும் இருந்தது, எனக்காக ஒருத்தி கோபித்துக்கொண்டாளே. ஒரு வகுப்பே கூடிப் பேசி, எனக்காகத் தெரிந்தே தப்புச் சொல்லியிருக்கிறது. என்னைப் பார்த்தால் இந்தப் பிள்ளைகளுக்கே பாவமாக இருந்திருக்கிறது. அதைத் தாங்கிக்கொள்வது சுலபமாக இல்லை. பரவால்லம்மா, உட்காரு என்று சிரித்தேன், அவர்களும் சிரித்தார்கள், நான் சிரித்தபிறகுதான் சிரித்தார்கள். டஸ்டரை மறுபடி எடுத்து மூன்றாவது கோட்டைத் துடைக்கப் போனேன்.

அடுத்த வருசம் கொடைக்கு நீங்களும் வாங்க மேடம் என்றாள் மாரிச்செல்வி பின்னாலிருந்து. நான் திரும்பவில்லை. ஆமா மேடம், வாங்க என்றாள் ஜெனிபா. வாங்க மேடம் என்றாள் அவளுக்கு முன்னால் இருப்பவள். இந்தத் தடவை கடைசி பெஞ்சிலிருந்து தொடங்கி முன்னால் வந்தது, வாங்க மேடம், கண்டிப்பா வாங்க மேடம், வளையல் குலுங்கக் குலுங்க ஒவ்வொருத்தியாக, ஒருத்தி சொன்னதால் அடுத்தவள் சொன்னாளா, மனசாரச் சொன்னாளா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை, அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் எனக்குச் சம்பளம். அடுத்த ஆடியில் இந்த மேசைக்குப் பின்னால் வேறொருவர் நிற்பார், நான் இந்த ஊரிலேயே இருக்கமாட்டேன். சரியான விடை பளிச்சென்று கண்ணுக்குத் தெரிகிறது, பால்வாடிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். முதல் பெஞ்சின் ஓரத்தில் இருப்பவளும் வாங்க மேடம் என்றாள். அவளுக்கு அடுத்து யாரும் இல்லை, நான்தான் இருந்தேன்.

வர்றேன் என்றேன்.